கப்பல் வரும் என்ப: ஏஜியன் சிறுதீவு நீங்கல் குறித்த ஓர் ஆராய்ச்சி

கிரேக்கத் தீவுகளுக்குப் போவது எப்படி என்று சொல்லும் நூல்களுக்குப் பஞ்சமே இல்லை. எந்தத் தீவில் எந்தக் கடற்கரை, அந்தக் கடற்கரையில் எந்தச் சாப்பாட்டுக்கடை, அந்தக் கடையில் எந்த மேசை என்பது வரை எழுதித் தள்ளியிருக்கிறார்கள். அத்தீவுகளை விட்டு வருவது எப்படி என்பதற்கு மட்டும் கடைசிப் பக்கத்தில் நாலு வரி: வாரத்துக்கு இத்தனை கப்பல், இத்தனை மணி நேரம், கட்டணம் மாறுதலுக்கு உட்பட்டது. போன மனிதர் திரும்பி வர வேண்டுமே என்ற கவலை நூலாசிரியர்கள் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. ‘ஒடிசி இருக்கிறதே, முழுக்க முழுக்கத் திரும்புவதைப் பற்றிய காவியம் ஆயிற்றே’ என்பாரும் உளர். அற்றன்று. ஒடிசியஸ் இத்தாக்கா என்னும் தீவுக்குத் திரும்பியவன். தீவிலிருந்து பெருநிலத்துக்குத் திரும்பியவன் அல்லன். திசை மாறிய மேற்கோள் எனத் தள்ளுக.

அக்குறையைப் போக்க எழுந்தது இவ்வாராய்ச்சி.

இதை எழுத உமக்கு என்ன தகுதி என்று கேட்பார்க்கு விடை: ஹெசியட் என்னும் பழங்கிரேக்கப் புலவருக்கு என்ன தகுதியோ அதுவே. உழவைப் பற்றிப் பாடவந்த அவர், நடுவிலே கப்பலோட்டத்தைப் பற்றியும் விரிவாகப் புத்தி சொல்கிறார். எந்தப் பருவத்தில் கடலில் இறங்கலாம், எப்போது கூடாது, சரக்கில் எவ்வளவை ஏற்றி எவ்வளவைக் கரையில் விட்டுப்போக வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. எல்லாம் சொல்லிவிட்டு, தாம் வாழ்நாளில் கடல் கடந்தது ஒரே ஒரு முறைதான், அதுவும் ஆலிஸ் கரையிலிருந்து எதிரே உள்ள யூபியாவுக்குத்தான் என்று அவரே சொல்லிவிடுகிறார். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: அங்கே கடல் என்பது ஒரு குறுகிய நீரிணை. போன காரியம் ஒரு பாட்டுப் போட்டி. கிடைத்த பரிசு ஒரு முக்காலிப் பாத்திரம். இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு ஒருவர் இத்தனை நூற்றாண்டுகளாக மேற்கோள் காட்டப்படுகிறார். திறந்த தளத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் இராக்கண் விழித்தவன் வாய் திறக்கக் கூடாதா?

இனி வரையறை. கிரேக்க நாட்டில் தீவும் திட்டுமாக ஏறத்தாழ 6,000 என்றும், அவற்றுள் மக்கள் வாழ்வன 227 என்றும் அந்நாட்டுச் சுற்றுலாத்துறையார் சொல்லி வருகிறார்கள். இவற்றில் சிறு தீவு எது? பரப்பளவைக் கொண்டு வகுப்பது புவியியலார் வழக்கம். அது நமக்குப் பயன்படாது. விமான நிலையம் இல்லாமை தேவையான இலக்கணம். ஆனால் அதுமட்டும் போதாது. கப்பலைத் தவறவிட்டவனை மறுநாள் காலை ரொட்டிக்கடையில் முன்பின் அறியாதவர்களும் துக்கம் விசாரிப்பார்களானால், அதுவே சிறு தீவு என்க.

இவ்விலக்கணம் முற்றும் பொருந்துவதால் ஸ்கினூசாவை ஆய்வுக்களமாகக் கொண்டோம். நக்சோஸ் தீவுக்கும் அமோர்கோஸ் தீவுக்கும் இடையே சிறு சைக்ளேட்ஸ் என்றொரு தீவுக்கூட்டம் உண்டு: இராக்லியா, ஸ்கினூசா, கூஃபோனிசியா, தொனூசா. ஸ்கினூசாவில் ஊர் மேட்டின்மேல் இருக்கிறது; மெர்சினி என்னும் துறை கீழே ஒரு குடாவுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. பெருநிலம் என்று இக்கட்டுரையில் வருவது ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸ்.

முதல் நூற்பா வருமாறு:

வரும்என மொழிதல் கப்பற்கு இயல்பே;
வந்தது என்றல் வழுவமைதி ஆகும்.

இதன் பொருள்: கப்பல் என்பது எதிர்காலத்துக்கு உரிய பொருள். அது இறந்தகாலத்தில் வருவது வழுவேயாயினும், எப்போதாவது அப்படி நிகழ்ந்துவிடுவதால் ஆன்றோர் அதை அமைத்துக்கொண்டனர் என்பதாம். நிகழ்காலத்தைச் சொல்லாதது என்னை எனின், ‘கப்பல் வருகிறது’ என்று துறையில் யார் சொன்னாலும் அதற்கு எதிர்காலப் பொருளே கொள்ளப்படும் என்பது பற்றி.

கப்பல் வருமா, வராதா என்று அறிய அளவைகள் மூன்று: காண்டல், கருதல், உரை. நம் தருக்க நூலார் வகுத்த இம்மூன்றும் மெர்சினித் துறையில் ஒரு குறையுமின்றி வழங்குகின்றன.

உரை என்பது டிக்கெட் விற்கும் அம்மையாரின் வாக்கு. ‘கப்பல் நேரத்துக்கு வருமா?’ என்று கேட்டால் அவர் வாயைத் திறப்பதில்லை. புருவத்தை உயர்த்தி, முகவாயைச் சற்றே மேலே தூக்கி, நாக்கால் ‘ட்ச்’ என்று ஓர் ஒலி மட்டும் எழுப்புவார். வெளியூர்க்காரர்கள் இதைச் சலிப்பு என்றெண்ணி மறுபடியும் கேட்கிறார்கள். கிரேக்கரிடையே அது ‘இல்லை’ என்னும் முழுமையான விடை. அதற்குமேல் விரிவுரை கிடைக்காது.

கருதல் என்பது மலையில் புகை கண்டு நெருப்பு உண்டென்று துணிவது. இங்கே புகைக்குப் பதில் வேன். தங்கும் விடுதிக்காரர்கள் வருகிற விருந்தாளிகளை அழைத்துப்போக மேட்டிலிருந்து வேன்களில் இறங்கி வருவார்கள். சரிவில் ஒன்றன்பின் ஒன்றாக வேன்கள் இறங்கக் கண்டால் கப்பல் அண்மையில் உண்டு. இதில் ஓர் ஏதுப்போலி நேர்வதுண்டு. முதல் வேன்காரர் இறங்கியது மீன் வாங்க. அவரைக் கண்ட இரண்டாமவர் கப்பல்தான் வந்துவிட்டது என்று விழுந்தடித்து இறங்கினார். இருவரையும் கண்டு மூன்றாமவர். மூவரையும் மேலிருந்து கண்ட பயணிகள் காப்பியைப் பாதியில் விட்டுப் பெட்டியை உருட்டிக்கொண்டு ஓடி வருகிறார்கள். துறையில் இப்போது கப்பலைத் தவிர எல்லாம் இருக்கிறது.

காண்டல் என்பது முனையைச் சுற்றிக்கொண்டு கப்பலே கண்ணில் படுதல். இதுவாவது ஐயத்துக்கு அப்பாற்பட்டது என்று எண்ணினால் அதுவும் இல்லை. கண்ட கப்பல் நம் கப்பலாக இருக்க வேண்டும். நம் கப்பலே என்றாலும், அது எதிர்த்திசையில் மற்றத் தீவுகளுக்குப் போய்விட்டு மாலையில் நம்மை ஏற்ற வருவதாக இருக்கலாம்.

இக்காலத்தார் நான்காவதாக ஓர் அளவையைச் சேர்த்திருக்கிறார்கள். கப்பல்கள் ஓயாமல் ஒலிபரப்பும் அடையாளக் குறிப்புகளைத் திரட்டி, எந்தக் கப்பல் எங்கே என்று கைப்பேசித் திரையில் காட்டும் ‘மெரின் டிராஃபிக்’ என்னும் ஏற்பாடு அது. இன்று உலகக் கப்பல் வணிகமே பார்க்கும் அந்த வரைபடம், 2007-இல் ஏஜியன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் திமித்ரிஸ் லெக்காஸின் முயற்சியாகத் தொடங்கியது. அவர் துறை இருந்தது சீரோஸ் தீவில். கப்பலுக்குக் காத்துக் கிடக்கும் தீவில் அல்லாமல் வேறெங்கே இப்படியொன்று பிறந்திருக்கும்? ஆனால் இதனால் விளைந்த நன்மையை மிகைப்படுத்தக் கூடாது. முன்பெல்லாம் கப்பல் வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும். இப்போது அது எந்த இடத்தில் நின்றுகொண்டு வராமல் இருக்கிறது என்பதும் தெரிகிறது.

துறையில் காத்திருப்போரை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். வெளியூர்க்காரர் நிற்பார், தீவுக்காரர் உட்கார்ந்திருப்பார். வெளியூர்க்காரரின் கண் கடல்மேல். தீவுக்காரரின் கண் வெளியூர்க்காரர்மேல். கறுப்பு உடுத்த ஒரு பாட்டி, பழுப்பு நாடா சுற்றிய வெள்ளைத் தெர்மோகோல் பெட்டியொன்றைக் காலருகே வைத்துக்கொண்டு சுவரோரம் அமர்ந்திருப்பார். பெட்டியின்மேல் ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் தடித்த பேனாவால் எழுதியிருக்கும். அவர் எங்கும் போகப்போவதில்லை, பெட்டிதான் போகிறது. பிரேயஸில் யாரோ ஒரு பேரன் அதை வாங்கிக்கொள்வான். உள்ளே பாலாடைக்கட்டியோ சமைத்த கறியோ. கப்பல் வந்ததும் பாட்டி எழுந்து நடப்பார், கப்பலாள் ஒருவர் பெட்டியை வாங்கி உள்ளே வைப்பார், இருவருக்கும் இடையே பேச்சு என்பதே இராது. ரசீது இல்லை, வரிசை இல்லை. காத்திருந்தவர்களில் தன் காரியம் முடிந்த முதல் ஆள் அவரே.

தாமதம் என்பது அண்மைக்காலச் சீர்கேடு, கப்பல் கம்பெனிகளின் அலட்சியம் என்று பேசுவோர் வரலாறு அறியாதவர். சிறு தீவிலிருந்து பெருநிலத்துக்கு வரவேண்டிய கப்பல் தாமதமானதற்கு மிகப் புகழ்பெற்ற சான்று கி.மு. 399-ஐச் சேர்ந்தது.

ஏதென்ஸ் நகரத்தார் ஆண்டுதோறும் டெலோஸ் என்னும் குட்டித் தீவுக்கு அப்போலோ தெய்வத்தின் வழிபாட்டுக்காக ஒரு கப்பல் அனுப்புவது வழக்கம். அது போய்த் திரும்பும்வரை நகரம் தூய்மையாக இருக்க வேண்டும். யாருக்கும் மரணதண்டனை நிறைவேற்றக் கூடாது. அந்த ஆண்டு கப்பலுக்கு மாலை சூட்டிய மறுநாள் சாக்ரடீஸின் வழக்கு விசாரணைக்கு வந்தது. நஞ்சு என்று தீர்ப்பாயிற்று. ஆனால் கப்பல் போய்விட்டது. எனவே அது திரும்பும்வரை அவர் சிறையில் இருந்தார். காற்று மறித்தால் சில வேளை நெடுநாள் ஆகிவிடும் என்று பிளேட்டோவின் ‘ஃபீடோ’வில் வருகிறது, 30 நாள் இருந்தார் என்று செனஃபோன் எழுதுகிறார். டெலோஸை ஒட்டியுள்ள மிக்கோனோஸிலிருந்து இன்றைய பெரிய கப்பல் பிரேயஸுக்கு வர ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல் ஆகும்.

சிறையில் இருந்த அந்நாள்களில் நண்பர்கள் தினமும் போய்ப் பேசினார்கள். கடைசி நாள் பேச்சே ‘ஃபீடோ’. அதற்கு முன்னே ஒரு விடியற்காலைப் பேச்சு ‘கிரீட்டோ’. ஆன்மா அழியாது என்பதும், சட்டத்தை மீறித் தப்பி ஓடலாமா என்பதும் அவற்றில் அலசப்படுகின்றன. இதனால் பெறப்படுவது யாதெனின், கப்பல் அட்டவணைப்படி வந்திருந்தால் மேலைத் தத்துவத்தில் குறைந்தது இரண்டு நூல்கள் குறைந்திருக்கும். தத்துவத்துறையினர் இதை மறுக்கலாம். மறுப்பவர்கள் மெர்சினித் துறையில் ஒரு பிற்பகல் உட்கார்ந்துவிட்டு வந்து மறுக்கட்டும்.

‘கிரீட்டோ’வின் தொடக்கத்தை எம் துறை சார்ந்து படிக்க வேண்டும். நண்பர் கிரீட்டோ இருட்டோடு வந்து, கப்பல் இன்று வந்துவிடும் என்கிறார். எப்படித் தெரியும்? சூனியோன் முனையில் கப்பலை விட்டு இறங்கி வந்தவர்கள் சொன்னார்களாம். இது உரை அளவை. சாக்ரடீஸோ, இன்று வராது, நாளைதான் வரும் என்கிறார். வெள்ளுடை உடுத்த ஒரு பெண் கனவில் வந்து சொன்னதாக அதற்குக் காரணமும் காட்டுகிறார். சாகப்போகிற மனிதர்கூடக் கப்பல் என்றைக்கு வரும் என்ற வழக்கில் தம் கட்சியை விட்டுக்கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்க. அன்றி, சூனியோனில் இறங்கியவர்களையும் நினைவில் வைக்க. கப்பல் பிரேயஸுக்குப் போய்ச் சேருமுன்பே பாதியில் குதித்து நடையைக் கட்டிய அப்பொறுமையற்ற கூட்டத்தாரிடம் நாம் பின்னர் வரவேண்டியிருக்கிறது.

இனிக் காற்று. கோடையில், சிறப்பாக ஜூலை ஆகஸ்டில், ஏஜியன் கடல்மேல் வடக்கிலிருந்து வீசுவது மெல்தேமி. முன்னோர் இதனை எதேசியக் காற்று என்றனர். அரிஸ்டாட்டில் இதற்குக் காரணம் ஆராய்ந்திருக்கிறார். மற்ற நாட்டுப் புயல்களுக்குள்ள நாகரிகம் இதற்குக் கிடையாது. மேகம் கூட்டுவது, இருட்டுவது, இடிப்பது என்று முன்னறிவிப்பு எதுவும் தராது. வானம் துடைத்துவிட்டாற்போல் நீலமாக இருக்கும்; வெயில் பளீரென்று அடிக்கும்; மேசைமேல் இருந்த தட்டு அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். கோடைக் கடல்பயணத்தை இக்காற்று முடக்குவது அரசியலிலும் பயன்பட்டிருக்கிறது. மக்கதோனியத்துப் பிலிப்பு, ஏதென்ஸ் கப்பல்கள் வடக்கே வர முடியாத எதேசியக் காற்றுக் காலம் பார்த்தே காரியம் முடிக்கிறான் என்று கி.மு. 351-இல் தெமோஸ்தனிஸ் சபையில் முறையிட்டார். விடுமுறைக்கு வந்தவர் திங்கட்கிழமை அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து சொல்வதும் ஏறக்குறைய அதே முறையீடுதான்.

தமிழ் வாசகர்கள் இக்காற்றை அந்நியமாகக் கருத வேண்டாம். பால்கன் பக்கத்து உயரழுத்தத்துக்கும் அனத்தோலியாவின் மேல் கோடையில் நிற்கும் தாழ்வழுத்தத்துக்கும் இடைப்பட்ட இழுபறியே மெல்தேமி. அந்தத் தாழ்வழுத்தம், நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்றை இழுத்து வரும் ஆசியத் தாழ்வழுத்தத்தின் மேற்கு வால். முசிறிக்கு வந்த யவன வணிகரும் இதற்குக் கடன்பட்டவர்களே. நைல் நதியில் நீரோட்டத்தை எதிர்த்து 12 நாளில் கோப்தோஸ் சேர எதேசியக் காற்றே துணை என்று பிளினி எழுதிவைத்திருக்கிறார். அங்கிருந்து ஒட்டகத்தில் செங்கடல், பிறகு பருவக்காற்றில் முசிறி. சேரநாட்டுக்கு மதுச்சாடியைத் தள்ளிவிட்ட காற்றுதான் இன்று ஸ்கினூசாவில் நம்மைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

காற்றை அளக்கும் கோல் பிரான்சிஸ் பியூஃபோர்ட் என்னும் ஆங்கிலக் கடற்படை அதிகாரி 1805-இல் வகுத்தது. ஏட்டில் உட்கார்ந்து எழுதியவர் அல்லர். 1811, 1812 ஆண்டுகளில் ஏஜியனுக்குக் கிழக்கே, சிறிய ஆசியாவின் தென்கரையை அளந்து திரிந்து, கடைசியில் அங்கேயே குண்டடியும் பட்டவர். அவர் பெயரைப் பிறநாட்டார் கப்பற்கல்வி நூலில்தான் பார்ப்பார்கள். கிரேக்கத் தீவில் மளிகைக்கடைக்காரர் சொல்கிறார், பாதிரியார் சொல்கிறார், பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்கிறது: ‘நாளைக்கு எட்டு பியூஃபோர்ட்.’ எட்டு என்றால் மணிக்கு 62 முதல் 74 கிலோமீட்டர். அங்கே இது வெறும் எண் அன்று, தீர்ப்பு. ஆகவே:

எட்டென விளம்பின் கட்டின அவிழா;
ஏழென விளம்பின் எவரும் அறியார்.

காற்று மிகுமானால் கப்பல் புறப்படத் துறைமுக அதிகாரிகள் தடை விதிப்பார்கள். அதிவேகப் படகுகளுக்கும் சிறு கப்பல்களுக்கும் தடை முந்தி வரும். பெரிய கப்பல்கள் எட்டை ஒட்டியும் அதற்கு மேலும் நிற்கும். கப்பலின் நீளம், வகை, போகும் வழி என்று கிளைவிதிகள் பல. இதில் பயணிக்குப் பிடிபடாதது ஒன்று: தடை விதிக்கப்படுவது வானிலை அறிக்கையைப் பார்த்து. ஆகவே இலை அசையாத காலையிலும் கப்பல் கட்டிக் கிடக்கலாம். ‘காற்றே இல்லையே’ என்று வாதாடுவோர்க்கு வெள்ளைச் சீருடை அணிந்த இளம் அதிகாரி கடலைக் காட்டுவதில்லை, காகிதத்தைக் காட்டுகிறார்.

அவரைக் கேலி செய்ய எமக்கு மனம் வரவில்லை. 1966 டிசம்பர் 8 அன்று, கிரீட்டிலிருந்து பிரேயஸுக்குப் புயலில் வந்துகொண்டிருந்த ‘ஹெராக்லியோன்’ கப்பலில் கட்டவிழ்ந்த ஒரு குளிர்சாதன லாரி வண்டித்தளத்துக் கதவில் மோதி அதைத் திறந்துவிட்டது. ஃபல்கொனேரா என்னும் பாறைத்தீவின் அருகே கப்பல் மூழ்கி இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வயதான தீவுக்காரர்கள் தடைச் செய்தி கேட்டு முணுமுணுக்காமல் வீட்டுக்குத் திரும்பிப் போவதை நாம் காண்கிறோம்.

சரி, தடை நீங்கி, கப்பலும் வந்துவிட்டதாகக் கொள்வோம். ஸ்கினூசாவிலிருந்து நக்சோஸ் வரை பெரும்பாலும் ‘எக்ஸ்பிரஸ் ஸ்கோபெலிடிஸ்’. 1986-இல் கட்டிய சிறிய கப்பல். அமோர்கோஸின் கட்டபோலாவிலிருந்து கிளம்பிச் சிறு தீவுகளைத் தொட்டுக்கொண்டு நக்சோஸ் போய் மீள்வது. எக்ஸ்பிரஸ் என்றது மங்கல வழக்கு. அத்தீவுக்காரர்களுக்கு இக்கப்பல்மேல் உள்ள பாசம், பெரிய கம்பெனிகளின் பளபளக்கும் கப்பல்கள் எதன்மேலும் இல்லை. மெல்தேமியில் அது ஆடும் ஆட்டத்தில் முகம் பச்சையாகிக் கம்பியைப் பற்றிக்கொண்டிருக்கும் வெளியூர்க்காரருக்குப் பக்கத்து இருக்கையில், ஓர் உள்ளூர்க்காரர் முட்டைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போவார். முட்டை உடைவதில்லை. இது தனி ஆய்வுக்குரியது.

நக்சோஸில் இறங்கிப் பெரிய கப்பலுக்கு மாற வேண்டும். துறையை ஒட்டிய மேட்டில் கட்டி முடிக்காத அப்போலோ கோயிலின் தலைவாசல் மட்டும் 2,500 ஆண்டுகளாக நிற்கிறது. அதனடியில் காத்திருக்கும்போது எண்ணிப்பார்க்க ஏற்ற பெயர் அரியாட்னி. கிரீட்டில் தீசியஸ் என்னும் ஏதென்ஸ் இளவரசனுக்கு உதவி, அவனோடு கப்பலேறி ஏதென்ஸுக்குப் புறப்பட்டவள். வழியில் இத்தீவில் கண்ணயர்ந்தாள். விழித்தபோது கப்பல் போய்விட்டிருந்தது. காதல் துரோகம் என்று ஓவியரும் இசைக்கலைஞரும் இதைப் பலவாறு விரித்துள்ளனர். எம் துறையில் இதற்குக் கப்பலைத் தவறவிட்ட முதல் பயணி என்றே பெயர். அவளுக்கு தியோனிசஸ் என்னும் மதுத்தெய்வம் மணமகனாக வந்து சேர்ந்தான். நக்சோஸில் கப்பலைத் தவறவிடுவோர் இன்றும் கரையோரக் கடைகளில் அத்தெய்வத்தையே சரணடைகின்றனர்.

தீசியஸின் பிழைகள் அதோடு நிற்கவில்லை. உயிரோடு திரும்பினால் வெள்ளைப் பாய் ஏற்றுவதாகத் தந்தையிடம் சொல்லிப் போனவன் கறுப்புப் பாயை மாற்ற மறந்தான். கரையில் காத்திருந்த ஈஜியஸ் மகன் இறந்தான் என்று கொண்டு வீழ்ந்து மாண்டான். வருகை அறிவிப்பில் நேர்ந்த பிழைக்கு இதைவிடப் பெரிய விலை கொடுத்தவர் இல்லை. கடலுக்கே அவன் பெயர்தான் நிலைத்தது என்பர். இன்னும் கேளுங்கள். சாக்ரடீஸைக் காக்கவைத்த அந்த டெலோஸ் கப்பல் எது? தீசியஸ் கிரீட்டுக்குப் போய்வந்த அதே கப்பல் என்று ஏதென்ஸ் நகரத்தார் நம்பினார்கள். பயணியைக் கைவிடல், தவறான தகவல், கணக்கற்ற தாமதம் ஆகிய மூன்று குற்றமும் ஒரே கப்பலில் நிகழ்ந்தமையால், ஏஜியன் ஃபெர்ரிப் போக்குவரத்தின் மூலவர் தீசியஸ் என்பது எம் துணிபு.

அக்கப்பலின் பலகைகள் உளுக்க உளுக்கப் புதிய பலகை வைத்துக் காத்தனர் என்றும், எல்லாப் பலகையும் மாறியபின் அது அதே கப்பலா என்று அறிஞர் சண்டையிட்டனர் என்றும் புளூட்டார்க் சொல்கிறார். இச்சண்டையை நூலுக்குள் தேட வேண்டியதில்லை. ஜப்பானில் பல ஆண்டு ஓடிய ஃபெர்ரிகளை வாங்கி வந்து, பிரேயஸுக்கு அருகே பெராமாவின் பட்டறைகளில் தளம் கூட்டி, வெளிமாடம் வைத்து, புதுப்பெயர் எழுதி விடுவது கிரேக்கக் கப்பல்காரர்களின் நெடுநாள் தொழில். சிலவற்றில் படிக்கட்டு ஓரத்துப் பலகைகளில் ஜப்பானிய எழுத்து இன்னும் சுரண்டப்படாமல் இருக்கும். இது அதே கப்பலா, வேறா? ஒரு தளத்துப் பயணி என்ற முறையில் எமது கருத்து: கழிப்பறை அதே.

பெரிய கப்பல் நக்சோஸிலிருந்து பரோஸ் வழியே பிரேயஸுக்கு ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம். இப்பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிப் போவோம். ஏனெனில் கடலில் இருக்கும் நேரத்தில் சொல்லத்தக்கதாக ஒன்றும் நடப்பதில்லை. கப்பலில் ஏறிய ஐந்தாம் நிமிடம் தீவுக்காரர் உள்ளறையில் மூன்று இருக்கையைப் பிடித்துக் காலை நீட்டிவிடுவார். வெளியூர்க்காரர் மேல்தளத்தில் காற்றுப்புறம் பார்த்து உட்கார்ந்து, தொப்பியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, காற்றொதுக்குப் பக்கம் இடமில்லாமல் திரும்பி வருவார். கீரைப் பணியாரத்தின் செதில்கள் சட்டையெல்லாம் ஒட்டும். குடிப்பதற்கு ஃப்ராப்பே: 1957-இல் தெசலோனிகிப் பொருட்காட்சியில், வெந்நீர் கிடைக்காத ஒரு காப்பிக் கம்பெனி ஊழியர் தண்ணீர் ஊற்றிக் குலுக்கியதால் பிறந்தது என்பர். ஒரு குவளையை மூன்று மணி நேரம் உறிஞ்சும் கலை கிரேக்கருக்கே உரியது. கப்பல் சீரோஸைத் தொட்டுப் போவதானால் கூடையோடு ஏறி லுக்கும் மிட்டாய் விற்போர் வருவதும் பழைய வழக்கம். ஆகஸ்ட் 15-ஆம் நாள் மாதா திருவிழாவை ஒட்டிய வாரத்தில் பயணம் செய்வோர் மேற்சொன்ன இருக்கை, காற்றொதுக்கு முதலிய எல்லாவற்றையும் மறந்துவிடலாம். நிற்க இடம் கிடைத்தால் அதுவே வரம்.

இனி இவ்வாராய்ச்சியின் உயிர்நிலைக்கு வருகிறோம்.

கதவு திறவாமுன் இறங்கி நிற்றல்
கற்றார் கல்லார் இருவர்க்கும் ஒக்கும்.

பிரேயஸ் இன்னும் அரை மணி தூரத்தில் இருக்கும். ஒலிபெருக்கியில் ஒரு குரல் கிரேக்கத்திலும் ஆங்கிலத்திலும் ஏதோ சொல்லும். சொன்னது இன்னது என்று யாருக்கும் கேளாது. ஆனால் அத்தனை பேரும் எழுந்துவிடுவார்கள். தூங்கிய தீவுக்காரர் எழுவார், மூன்று மணி நேர ஃப்ராப்பே ஒரே மடக்கில் தீரும், எல்லோரும் குறுகிய படிக்கட்டில் நெருக்கியடித்துக் கீழே வண்டித்தளத்துக்கு இறங்குவார்கள். அங்கே தீவின் பெயர் எழுதிய இரும்பு அடுக்குகளில் பெட்டிகள். ஒவ்வொருவரும் தம் பெட்டியை இழுக்க, அதன்மேல் இருந்த மூன்று பெட்டி சரியும். லாரிக்காரர்கள் ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பிவிடுவார்கள். டீசல் புகை, ஈரத் தரை, எங்கோ ஒரு கூண்டில் குரைக்கும் நாய். சன்னல் கிடையாது, கப்பல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. பளிச்சென்ற சூரியனும் அகன்ற கடலும் தலைக்குமேல் சும்மா கிடக்க, ஆயிரம் பேர் மூடிய ஓர் இரும்புக் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

ஏன்? முந்தி இறங்கினால் முந்திப் போகலாம் என்பது ஒரு சாரார் கருத்து. கதவு ஒன்றே, அகலமோ லாரி போகும் அகலம், முன்னே நின்றவருக்கும் பின்னே நின்றவருக்கும் வெளியேறும் நேரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே அது பொருந்தாது. இடையில் உள்ள சிறு தீவுகளில் கப்பல் சில நிமிடமே நிற்கும், இறங்கத் தவறினால் அடுத்த தீவுக்குப் போய்விட நேரும், அப்பயம் உடம்பில் ஊறிவிட்டது என்பது மற்றொரு சாரார். இது ஓரளவு ஏற்புடையது. ஸ்கினூசாவில் நீங்கள் கப்பலேறியதை நினைத்துப் பாருங்கள்: நங்கூரத்தை இறக்கி, பின்பக்கமாகத் திரும்பி, இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும்போதே ரேம்ப் பாதி இறங்கியிருந்தது; விசில் ஊதினார்கள்; இறங்குவோரும் ஏறுவோரும் ஒரு டிரக்கும் ஒரே நேரத்தில் ஒரே பலகையில் சந்தித்தார்கள்; வடத்தை அவிழ்த்துக் கப்பல் போயே போய்விட்டது. அங்கே அவசரத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் பிரேயஸ் கடைசித் துறை. அங்கிருந்து கப்பல் வேறெங்கும் உங்களைக் கொண்டுபோகாது. இறங்காவிட்டால் துப்புரவுக்காரர்கள் வந்து எழுப்பி அனுப்பிவிடுவார்கள்.

எனவே எம் முடிபு: இவர்கள் சூனியோனில் இறங்கியவர்களின் வழித்தோன்றல்கள். தீவில் காத்திருந்தபோது அடங்கிக் கிடந்த பொறுமையெல்லாம் பெருநிலத்தின் வாடை பட்டவுடன் செலவழிந்துபோகிறது. துறையில் இரண்டு நாள் ‘ட்ச்’ என்ற ஒலியை ஏற்றுக்கொண்ட அதே மனிதர், இங்கே இரண்டு நிமிடத்துக்கு நாலு முறை கடிகாரம் பார்க்கிறார். இதற்கு மறுப்பாக, மேல்தளத்திலேயே கடைசிவரை உட்கார்ந்து துறைமுகம் நெருங்குவதைப் பார்த்தபின் நிதானமாக இறங்கும் ஒரு சிறு கூட்டத்தாரைக் காட்டுவர். அவர்களை யாமும் கண்டோம். அவர்களின் பெட்டிமேல் மற்றவர் பெட்டிகளின் சக்கரத் தடம் இருந்தது.

கதவு திறக்கிறது. வெளிச்சம் ஒரு கோடாகக் கிழித்துக்கொண்டு வருகிறது, லாரிகள் ஹாரன் அடிக்கின்றன, கூட்டம் பிதுங்குகிறது. பிரேயஸ் துறைமுகத்தின் வாயில்களுக்கு எண்கள் உண்டு. சைக்ளேட்ஸ் கப்பல்கள் பெரும்பாலும் நிற்பது ஏழாம் எண் வாயில் பக்கம், அது ரயில் நிலையத்துக்கு நேரெதிர். தொதெகனீசுத் தீவுகளுக்கான முதலாம் வாயிலில் இறக்கிவிடப்பட்டவர், துறைமுகத்துக்குள் ஓடும் இலவசப் பேருந்துக்கு இன்னொரு முறை காத்திருக்க வேண்டும். முதல் நூற்பாவில் கப்பல் என்ற இடத்தில் பேருந்து என்று கூட்டிப் படித்துக்கொள்க. தெர்மோகோல் பெட்டிக்குரிய பேரன் கதவோரமே நின்று அதை வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போய்விட்டான்.

1869-இல் தொடங்கிய அந்த ரயில்பாதை ஏதென்ஸுக்குள் கொண்டுபோகிறது. பெட்டியும் களைப்புமாக அதில் ஏறுவோரைச் சூழ்ந்துகொள்ளும் விரல் நுண்மை வாய்ந்தோரைப் பற்றிய ஆராய்ச்சி எம் எல்லைக்கு அப்பாற்பட்டது. அத்துறை வல்லுநர்கள் கதவுகள் மூடிய பிறகே தம் பணியைத் தொடங்குகின்றனர் என்பது மட்டும் இங்கே குறிக்கத்தக்கது.